குறிகள் குறைவது வேறு, ஆள் மீள்வது வேறு: தீவிர மனநோயில் மீட்சியை எப்படி அளக்கிறார்கள்?

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயிலிருந்து நூற்றுக்கு எத்தனை பேர் மீள்கிறார்கள் என்று தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். 50 ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் வெளிவந்த கட்டுரை ஒன்று, நடு மதிப்பாக 13.5 சதவீதம் என்றது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து அரசு மனநல மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, 1950-களில் மறுவாழ்வுப் பயிற்சியோடு வெளியே அனுப்பப்பட்ட 269 பேரை, சுமார் 32 ஆண்டுகள் கழித்து கோர்ட்னி ஹார்டிங் குழுவினர் தேடிப் பிடித்தார்கள். அவர்களில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை மீண்டிருந்தார்கள், அல்லது நன்றாகத் தேறியிருந்தார்கள் என்று 1987-ல் அறிவித்தார்கள்.

இரண்டில் எது பொய்? எதுவும் பொய் இல்லை. முதல் ஆய்வில் 'மீண்டவர்' என்று பெயர் வாங்க, நோய்க்குறிகளிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் தேறியிருக்க வேண்டும். அந்த முன்னேற்றம் குறைந்தது ஒன்றிலாவது இரண்டு ஆண்டு நிலைத்திருக்க வேண்டும். இரண்டாவதில் வாசல் கொஞ்சம் அகலம். ஆனால் இரண்டிலும் ஒரு ஒற்றுமை உண்டு. மீண்டாரா இல்லையா என்று தீர்ப்பு எழுதியது ஆய்வாளர். நோயைச் சுமந்தவர் இல்லை. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக மனநல ஆய்வுகளில் 'தனிமனித மீட்சி' என்ற சொல் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

ஒரே சொல், இரண்டு பொருள்

மருத்துவ மீட்சி என்றால் நோய் தணிவது. காதில் குரல்கள் கேட்பது நிற்கிறது, சந்தேகங்கள் விலகுகின்றன, தூக்கம் வருகிறது, வேலைக்குப் போக முடிகிறது. இதை வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்லிவிடலாம்.

தனிமனித மீட்சி என்றால், நோய் முழுதாகப் போனாலும் போகாவிட்டாலும், தனக்கு நிறைவு தரும் ஒரு வாழ்க்கையை ஒருவர் மறுபடி கட்டிக்கொள்வது. 1993-ல் அமெரிக்காவின் வில்லியம் ஆன்டனி இதற்குக் கொடுத்த வரையறையைத்தான் இன்றும் அதிகம் எடுத்தாளுகிறார்கள். அவர் அதை ஒரு முடிவாகச் சொல்லவில்லை, ஒரு போக்காகச் சொன்னார்: மனப்பாங்கும் குறிக்கோளும் சமூகத்தில் வகிக்கும் இடமும் மாறி, நோய் வைக்கும் வரம்புகளுக்கு நடுவிலும் நம்பிக்கையோடு, பிறருக்குப் பயன்பட்டு வாழ்வது. அவருக்கு முன்பே, 1988-ல், இதை உள்ளிருந்து எழுதியவர் பட்ரீசியா டீகன். பதின்ம வயதில் மனச்சிதைவு என்று சொல்லப்பட்டவர், பிறகு உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆக, இந்தக் கருத்து ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. நோயாளிகள் பேசினார்கள், ஆய்வாளர்கள் பின்னால் வந்தார்கள்.

தமிழில் 'குணமாகிவிட்டதா?' என்றுதான் கேட்கிறோம். காய்ச்சலுக்குப் பொருந்துகிற கேள்வி அது. பத்து ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொண்டு, நடுநடுவே குரல் கேட்டுக்கொண்டு, தையல் கடையும் நடத்துகிறவரிடம் இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஆம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய்.

மருத்துவர் கையில் இருக்கும் அளவுகோல்

மனச்சிதைவில் குறிகளை அளக்க ஆய்வுகளில் மிக அதிகமாகப் பயன்படுவது 'பான்ஸ்' அளவுகோல். 1987-ல் வந்தது. மொத்தம் 30 இனங்கள்: மாயக்குரல், பொய்நம்பிக்கை போன்றவை ஏழு; பேச்சும் உணர்ச்சியும் வற்றிப்போவது போன்றவை ஏழு; பதற்றம், சோர்வு உள்ளிட்ட பொதுக் குறிகள் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். பயிற்சி பெற்ற ஒருவர் பேட்டி எடுத்து, குடும்பத்தாரிடமும் விசாரித்துப் போடுவது.

இதில் ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. செய்திகளில் பலமுறை தவறாக வருவதால் சொல்லிவிடலாம். ஒரு குறியும் இல்லாதவருக்கும் இதில் 30 மதிப்பெண் உண்டு. ஒருவர் 90-லிருந்து 60-க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகத் தோன்றும். அடித்தளமான 30-ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால் 60 முப்பதாகியிருக்கிறது, அதாவது பாதி குறைந்திருக்கிறது.

2005-ல் நான்சி ஆண்ட்ரியாசன் தலைமையிலான குழு 'நோய்த்தணிவு' என்பதற்கு ஒரு கோடு கிழித்தது. பான்ஸின் முக்கியமான எட்டு இனங்களில் எதிலும் 3-க்கு மேல் இருக்கக் கூடாது, இந்த நிலை ஆறு மாதம் நீடிக்க வேண்டும். தெளிவான கோடு. மருந்து ஆய்வுகளுக்கு இது இல்லாமல் முடியாது. ஆனால் முப்பது இனங்களில் ஒன்றுகூட 'உங்களுக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதில்லை. அந்த அளவுகோலின் குற்றம் அல்ல அது. அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை.

அளக்க வேண்டியது என்ன: ஐந்து கூறுகள்

'நிறைவான வாழ்க்கை' என்பதை அப்படியே அளக்க முடியாது, உடைத்தாக வேண்டும். 2011-ல் மேரி லீமி, மைக் ஸ்லேட் முதலானோர், மீட்சி பற்றி வெளியான 97 கட்டுரைகளைத் தொகுத்து, மீண்டவர்கள் திரும்பத் திரும்பப் பேசும் ஐந்து விஷயங்களைப் பிரித்தெடுத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்கு 'சைம்' சட்டகம் என்று பெயர்.

1. உறவுப் பிணைப்பு: ஒதுக்கப்படாமல் நாலு பேரோடு ஒருவராக இருப்பது. அதே நோயைக் கடந்தவர்களின் துணையும் இதில் சேரும்.
2. எதிர்கால நம்பிக்கை: நாளை இதைவிட நன்றாக இருக்கலாம் என்ற எண்ணம்.
3. அடையாளம்: 'மனநோயாளி' என்பதைத் தாண்டி தான் யார் என்பது. களங்கம் என்ற சுமை வந்து உட்காரும் இடமும் இதுதான்.
4. பொருள்: காலையில் எழுந்திருக்க ஒரு காரணம். வேலை, வழிபாடு, பிள்ளை, ஆட்டுக்குட்டி, எதுவாகவும் இருக்கலாம்.
5. தன்னாளுமை: மருந்து முதல் பணம் வரை தன் விஷயத்தில் தன் சொல் எடுபடுவது.

'குறிகள் இல்லாமல் இருப்பது' என்பது இந்தப் பட்டியலில் தனி இனமாக வரவில்லை. நோயைச் சுமந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தமில்லை. மீட்சி என்ற சொல்லை அவர்கள் வேறு எதற்காகவோ பயன்படுத்துகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

புழக்கத்தில் உள்ள கேள்வித்தாள்கள்

எல்லாமே ஆள் தானே நிரப்புவது. முக்கியமான மூன்று:

1. மீட்சி மதிப்பீட்டு அளவுகோல், சுருக்கமாக ஆர்.ஏ.எஸ். அமெரிக்காவில் 1990-களில் உருவானது. 41 கூற்றுகள், 24 கூற்றுகள் கொண்ட சிறிய வடிவமும் உண்டு. தன்னம்பிக்கை, உதவி கேட்கத் தயங்காமை, இலக்கு, பிறரைச் சார்ந்து நிற்பது, குறிகள் வாழ்க்கையை ஆளாமல் இருப்பது ஆகிய ஐந்தாக மதிப்பெண் பிரியும்.
2. மீட்சிப் போக்கு வினாத்தாள், க்யூ.பி.ஆர். இங்கிலாந்தில் மனப்பிறழ்வு (மாயக்குரல், பொய்நம்பிக்கை போன்றவை) அனுபவம் உள்ளவர்களோடு சேர்ந்தே உருவாக்கப்பட்டு 2009-ல் வெளியானது. முதலில் 22 கூற்றுகள், 2014-ல் 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 60. 2013-ல் பன்னிரண்டு அளவுகோல்களை ஒப்பிட்ட ஆய்வில், எல்லாக் கூற்றுகளும் சைம் சட்டகத்தில் பொருந்தியது இது ஒன்றுதான்.
3. மீட்சிப் படிநிலை வினாத்தாள், 'ஸ்டோரி'. 2006-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 50 கூற்றுகள். முடங்கிக் கிடப்பதிலிருந்து வளர்ச்சி வரை ஐந்து படிகளில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்று சொல்ல முயல்வது. மீட்சி இப்படிப் படிக்கட்டு மாதிரி ஏறுமா என்பது என்னைக் கேட்டால் சந்தேகம்தான். ஏறியவர் இறங்குவார், சுற்றிக்கொண்டு வேறு பக்கமாக வருவார்.

எதிர்மறை 0.21 சொல்வது

சரி, குறிகள் குறைந்தால் இந்த மதிப்பெண்ணும் தானாக ஏறிவிடாதா? அப்படி ஏறினால் தனி அளவுகோலே வேண்டாம், பான்ஸ் போதும்.

இதைச் சோதித்த தொகுப்பாய்வு 2018-ல் வந்தது. 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், குறிகளின் கடுமைக்கும் தனிமனித மீட்சிக்கும் இடையிலான ஒட்டுறவு எதிர்மறை 0.21. ஒட்டுறவு எண் 1 என்றால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியே நகர்கின்றன. 0 என்றால் தொடர்பே இல்லை. எதிர்மறை என்றால் ஒன்று கூட, மற்றது குறைகிறது. 0.21-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 0.044. அதாவது ஆளுக்கு ஆள் மீட்சி மதிப்பெண் வேறுபடுவதில் சுமார் 4 சதவீதத்தைத்தான் குறிகளோடு முடிச்சுப் போட முடியும். மிச்சம் எங்கோ வேறு இடத்தில் இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு எண் என்னை நிறுத்தியது. மாயக்குரல், பொய்நம்பிக்கை போன்ற குறிகளுக்கு ஒட்டுறவு எதிர்மறை 0.20. சோர்வு, பதற்றம் போன்ற உணர்ச்சிக் குறிகளுக்கோ எதிர்மறை 0.34. ஊரும் வீடும் பயப்படுவது முதல் வகையைப் பார்த்து: தனக்குத்தானே பேசுகிறார், சிரிக்கிறார் என்று. மருந்தின் அளவு கூடுவதும் பெரும்பாலும் அதற்காகத்தான். ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கை ருசியோடு கூடுதலாகப் பின்னிக்கிடப்பது யார் கண்ணிலும் படாத சோர்வு. அமைதியாக மூலையில் உட்கார்ந்திருப்பவரை 'இப்போது பரவாயில்லை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவருக்குப் பான்ஸ் 42. நோய்த்தணிவுக் கோட்டுக்குள் வந்துவிட்டார். நாள் முழுவதும் டிவி முன்னால் இருக்கிறார். ரேஷன் கார்டு முதல் செல்போன் வரை எல்லாம் அண்ணன் கையில். க்யூ.பி.ஆர். 18. இன்னொருவருக்குப் பான்ஸ் 68. குரல் கேட்கிறது, ஆனால் அதை என்ன செய்வது என்று ஒரு வழி வைத்திருக்கிறார். காலையில் பூ கட்டி விற்கிறார், பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். க்யூ.பி.ஆர். 44. மருத்துவக் கோப்பில் முதலாமவர் வெற்றி, இரண்டாமவர் 'சிகிச்சையில் முழுதாகப் பலன் காணாதவர்'. இதில் ஒரு எண்ணை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் பார்த்தால் இருவருக்குமே தவறான உதவிதான் போய்ச் சேரும். முதலாமவருக்குத் தேவை மருந்து மாற்றம் இல்லை. இரண்டாமவருக்கு மருந்தைக் கூட்டி, விடியற்காலையில் எழ முடியாமல் செய்துவிட்டால் பூக்கடை போய்விடும்.

நல்ல அளவுகோலா என்று எப்படித் தெரியும்?

உணர்வை எண்ணாக்குவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். ஏமாற்றா இல்லையா என்பதைச் சோதிக்க வழிகள் உண்டு.

1. நம்பகத்தன்மை. வாழ்க்கையில் எதுவும் மாறாதபோது இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வர வேண்டும்.
2. ஏற்புத்தன்மை. அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா? மீட்சி வினாத்தாள் நல்வாழ்வு அளவுகோலோடு நன்றாக ஒத்துப்போக வேண்டும், பான்ஸோடு கொஞ்சம்தான் ஒத்துப்போக வேண்டும். மேலே பார்த்த 0.21 இங்கே குறை இல்லை. வேறொன்றை அளக்கிறோம் என்பதற்குச் சாட்சி.
3. மாற்றத்தை உணரும் திறன். ஆள் உண்மையிலேயே மாறும்போது எண்ணும் நகர வேண்டும். பல மீட்சி அளவுகோல்களின் பலவீனமான இடம் இது. 2013-ல் ஒப்பிடப்பட்ட பன்னிரண்டில் ஒன்றுகூட எல்லாத் தரச் சோதனைகளிலும் தன்னை நிரூபித்திருக்கவில்லை.

இவற்றுக்கு அப்பால், தானே நிரப்பும் தாள்களுக்கே உரிய தொல்லை ஒன்று: அளப்பவரின் முழக்கோலே நீளம் மாறிவிடும். பத்து ஆண்டுகள் காப்பகத்தில் இருந்தவரிடம் 'உங்கள் வாழ்க்கை உங்கள் கையில் இருக்கிறதா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்பார். அங்கே கேட்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வெளியே வந்து வாடகை வீட்டில் குடியேறிய பிறகு கேட்டால் மதிப்பெண் இறங்கலாம். மின்கட்டணம், பக்கத்து வீட்டுக்காரர், வேலை என்று எதிர்பார்ப்பும் கவலையும் சேர்ந்தே வந்திருக்கின்றன. தாளில் சரிவு, வாழ்க்கையில் ஏற்றம். அதனால் ஒரு மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தக் கூற்றில் இறங்கியது என்று உட்கார்ந்து பேசினால்தான் அதற்குப் பயன்.

தமிழில் கேட்கும்போது

மொழிபெயர்த்து, இன்னொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிடுவது வழக்கமான முறை. அதில் பிடிபடாத சிக்கல்கள் உண்டு.

'நம்பிக்கை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்காலம் நன்றாக இருக்கும் என்பதும் நம்பிக்கை, கடவுள்மேல் வைப்பதும் நம்பிக்கை, மருத்துவரை நம்புவதும் நம்பிக்கை, தன்மேல் உள்ளதும் நம்பிக்கை. மூலத்தில் இவை தனித்தனிச் சொற்கள், தனித்தனிக் கூறுகள். 'உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?' என்று மொட்டையாகக் கேட்டால், 'முருகன் இருக்கான் சார்' என்று பதில் வரும். அது தப்பான பதில் இல்லை, கேள்விதான் அரைகுறை.

அதைவிடக் கடினம் தன்னாளுமை பற்றிய கூற்றுகள். 'எனக்கு வேண்டியதை நான் அழுத்திச் சொல்ல முடிகிறது' என்ற பொருளில் ஒரு கூற்று வந்தால், மாமியார் வீட்டில் இருக்கும் மருமகள் என்ன பதில் சொல்வாள்? மனநோய் இல்லாத மருமகளே அங்கே குறைந்த மதிப்பெண்தான் வாங்குவாள். இன்னொரு பக்கம், மருந்து வாங்கித் தருவதும் ஓ.பி. வரிசையில் நிற்பதும் குடும்பம்தான். அப்பாவைக் கேட்டு முடிவெடுப்பதை இந்தத் தாள் தன்னாளுமைக் குறைவாக எண்ணிவிடலாம். நிரப்புகிறவருக்கோ அது உறவுப் பிணைப்பு.

பிறகு, கேட்கிற இடம். வெள்ளைக் கோட்டு போட்டவர் எதிரே, பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்க, 'எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்' என்பதுதான் மரியாதையான பதில். 'இல்லை' என்றால் மாத்திரை கூடும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். சிகிச்சை தராத ஒருவர், முடிந்தால் இதே நோயைக் கடந்து வந்த ஒருவர், தனி அறையில் கேட்டால் பதில் மாறும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், ஐந்து தெரிவுகளை விரல்களாகவோ படங்களாகவோ காட்ட வேண்டும். ஆய்வின் செலவுக் கணக்கில் இதற்கெல்லாம் இடம் வைக்க வேண்டும்.

எண் இலக்காகும்போது

இங்கிலாந்தில் 'மீட்சி நட்சத்திரம்' என்று ஒரு கருவி பரவலாகப் புழங்கியது. வாழ்க்கையின் பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் படி. பணியாளரும் பயனாளியும் சேர்ந்து நிரப்புவது. பேசித் திட்டம் போட நல்ல கருவி. ஆனால் 2012-ல் சோதித்தபோது, ஒரே ஆளுக்கு வெவ்வேறு பணியாளர்கள் போட்ட மதிப்பெண்கள் போதிய அளவு ஒத்துப்போகவில்லை. வழக்கமான பலன் அளவீடாக இதை வைக்க வேண்டாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

'மீட்சி குப்பைத்தொட்டியில்' என்று பொருள்படும் பெயரில் இயங்கும் பயனாளிகள் குழு இன்னும் காட்டமாகப் பதில் சொன்னது. 'மீளா நட்சத்திரம்' ஒன்றை வரைந்து, முனைகளில் வறுமை, வீடின்மை, இனவெறி, உரிமை இழப்பு என்று எழுதிவைத்தது. குடியிருக்க வீடில்லாதவரிடம் 'உங்கள் மனப்பாங்கு எத்தனையாவது படியில்?' என்று கேட்பது எவ்வளவு அபத்தம் என்று காட்ட. குசும்பான வேலைதான், ஆனால் அடி சரியான இடத்தில் விழுந்தது. மீட்சியைத் தனிமனிதர் தலையில் மட்டும் கட்டினால், மதிப்பெண் குறைவதும் அவர் குற்றம் ஆகிவிடும்.

பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் இந்த எண் உயருமா என்று பார்த்த பெரிய சோதனை இங்கிலாந்தின் 'ரீஃபோகஸ்'. 27 சமூக மனநல அணிகள், முதன்மை அளவு க்யூ.பி.ஆர். 2015-ல் முடிவு வந்தபோது, பயிற்சி பெற்ற அணிகளுக்கும் பெறாத அணிகளுக்கும் மொத்த மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. தோல்வி என்றாலும் நேர்மையாக வெளியிட்டார்கள். எண் தோற்கவும் முடியும் என்றால்தான் அது அளவுகோல்.

நம் ஊரின் படிவங்கள்

இந்தியாவில் மனச்சிதைவின் நீண்டகாலப் போக்கைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பங்கு சென்னையிலிருந்து வந்தது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபின் டாக்டர் தாராவும் சக ஆய்வாளர்களும், 1980-களின் தொடக்கத்தில் நோய் முதன்முதலாகத் தோன்றிய 90 பேரை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்தொடர்ந்தார்கள். 2014-ல் வெளியான இன்னொரு முக்கியச் சோதனை தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய இடங்களில் 282 பேரோடு நடந்தது. உள்ளூரில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிப்போய் உதவினால் பலன் உண்டா என்று கேட்டது. ஓரளவு உண்டு என்று கண்டது. பலனை அளந்த முதன்மைக் கருவிகள் இரண்டு: ஒன்று பான்ஸ், மற்றது 'ஐடியாஸ்'.

ஐடியாஸ் என்பது இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய ஊனமதிப்பீட்டு அளவுகோல். தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை ஆகிய நான்குக்கும் 0 முதல் 4 வரை. நோய் நீடித்த காலத்துக்கு 1 முதல் 4 வரை. மொத்தம் 20-ல் 7 வந்தால் 40 சதவீத ஊனம். அரசுச் சான்றிதழும் அதைச் சார்ந்த சலுகைகளும் இந்தக் கோட்டில் நிற்கின்றன.

ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு தாள்கள் என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழ் அறையில் தன்னால் எதெல்லாம் முடியாது என்று அவர் காட்ட வேண்டும். கொஞ்சம் தேறி 7 ஆறாகிவிட்டால் சலுகை கைவிட்டுப் போகும். அடுத்த அறையில் மீட்சி வினாத்தாளோடு ஒருவர் காத்திருக்கிறார். அங்கே தன்னால் எதெல்லாம் முடிகிறது என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டாவது தாளில் அவர் மனம்விட்டுப் பதில் சொல்ல வேண்டுமானால், அது முதல் தாள் இருக்கும் கோப்புக்குள் போகாது என்ற உறுதியை யாராவது அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.